நகர்மன்றத்தில் நம் நிலமும் தெருவும்: ராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

மண்டபத்திலிருந்து பாம்பன் பாலம் ஏறி ராமேசுவரம் போகிறவர் நான்கு உள்ளாட்சி எல்லைகளைத் தொட்டுவிடுகிறார். மண்டபம் பேரூராட்சி. பாலம் இறங்கினால் பாம்பன் ஊராட்சி, அடுத்து தங்கச்சிமடம் ஊராட்சி, அதன்பின் ராமேசுவரம் நகராட்சி. போகிற சாலை இந்த நான்கில் எதற்கும் சொந்தமில்லை. அது தேசிய நெடுஞ்சாலை 87, ஒன்றிய அரசின் கணக்கில் இருப்பது. சாலையோரம் பெட்டிக்கடை வைக்க யாரிடம் கேட்பது, சாக்கடை அடைத்தால் மனுவை எங்கே கொடுப்பது, தென்னந்தோப்பு மனையாக மாறினால் யாரிடம் ஆட்சேபிப்பது என்ற கேள்விகளுக்கு, நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பதில் மாறும்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் 4 நகராட்சிகள், 7 பேரூராட்சிகள், 429 ஊராட்சிகள். கடலைத் தொட்டிருக்கும் நகராட்சிகள் ராமேசுவரமும் கீழக்கரையும். மண்டபமும் தொண்டியும் பேரூராட்சிகள். தேவிபட்டினம், பெரியபட்டினம், ஏர்வாடி போன்றவை ஊராட்சிகள். நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் 2023ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். இவை 13.04.2023 முதல் நடைமுறையில் உள்ளன. ஊராட்சிகளுக்கு 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் தனி அலுவலர் அதன் அதிகாரத்தைச் செலுத்துவார்.

இந்தக் கட்டுரை முக்கியமாக நகர்மன்றத்தைப் பற்றியது. எதற்குப் பொருந்தாவிட்டாலும் நிலத்துக்கு ஒன்று பொருந்தும்: முடிவு பெரும்பாலும் கூட்ட நாளுக்கு முன்பே உருவாகிவிடுகிறது. ஆட்சேபணைக்கு விடும் நாட்களுக்குள் புல எண்ணோடு (நிலத்தின் சர்வே எண்) வந்து சேரும் ஒரு தாளுக்கு இருக்கும் பலம், கூட்டத்தன்று வாசலில் நூறு பேர் நின்றாலும் வருவதில்லை. அந்தத் தாளை எப்படி எழுதுவது என்று தெரிய வேண்டுமானால், மன்றம் எப்படி நடக்கிறது, எந்த விஷயத்தில் அதன் கை எவ்வளவு தூரம் நீளும் என்று முதலில் தெரிய வேண்டும்.

மன்றப் பொருளை வாசிப்பது

வார்டுக்கு ஒருவர் என உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுக்கிறோம். தலைவரையும் துணைத் தலைவரையும் உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். கடைசியாக 2022 பிப்ரவரியில் நடந்த தேர்தல் இந்த முறையில்தான் நடந்தது. ஆணையாளர் அரசு அலுவலர். அவருக்குக் கீழே பொறியாளர், நகரமைப்பு ஆய்வாளர், சுகாதார அலுவலர், வருவாய் ஆய்வாளர் எனப் பிரிவுகள். மன்றம் முடிவெடுக்கும், ஆணையாளர் நிறைவேற்றுவார் என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஆனால் சட்டம் ஆணையாளருக்கு நேரடியாகக் கொடுத்த அதிகாரங்களும் உண்டு. வீடு கட்டும் அனுமதி அதில் ஒன்று. அதற்கு மன்றத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. 'கவுன்சிலர் சொன்னால் பிளான் கிடைத்துவிடும்' என்று நம்பிக் காத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த மனு போக வேண்டிய இடம் இணையவழி ஒற்றைச் சாளரம். 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலையிலிருந்து, உரிமையாளரே உறுதி கூறி அனுமதி பெறும் சுயசான்று முறையே வந்துவிட்டது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் மனைக்கு இது போதாது. காரணம் கீழே வருகிறது.

கூட்டத்துக்கு முன்பு உறுப்பினர்களுக்கு அஜெண்டா அனுப்புவார்கள். அதில் ஒவ்வொரு விஷயமும் ஒரு 'பொருள்'. நாமே புனைந்த ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்:

'பொருள் எண் 14: வார்டு எண் 7, புல எண் 112/3இல் உள்ள 1.20 ஏக்கர் நிலத்தை விவசாயப் பயன்பாட்டிலிருந்து வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றக் கோரும் விண்ணப்பம். மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்.'

அடியில் 'அலுவலகக் குறிப்பு' என்று ஒரு பத்தி இருக்கும். விஷயம் முழுக்க அந்தப் பத்தியில்தான் இருக்கிறது. இடத்தை யார் பார்வையிட்டார், சாலையின் அகலம் எவ்வளவு, பக்கத்து நிலங்கள் எப்படிப் பயன்படுகின்றன, ஆட்சேபணை வந்ததா என்பதெல்லாம் அங்கே பதிவாகும். 'ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை' என்ற ஒரு வரி அதில் ஏறிவிட்டால், மேலே போகும் கோப்பு அந்த வரியைச் சுமந்துகொண்டே போகும். பிறகு எத்தனை பேர் எதிர்த்தாலும், 'அப்போது ஏன் சொல்லவில்லை' என்ற கேள்வி முதலில் வந்து நிற்கும்.

பொருளின் முடிவில் வரும் சொற்களையும் கவனிக்க வேண்டும். 'அனுமதிக்கப்பட்டது' என்றால் மன்றம் ஏற்றது. 'ஒத்திவைக்கப்பட்டது' என்றால் அடுத்த கூட்டத்துக்கு வரும். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. 'பதிவு செய்யப்பட்டது' என்றால் மன்றம் தெரிந்துகொண்டது, அவ்வளவுதான். எதிர்த்த உறுப்பினர் தன் மறுப்பைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வெளிநடப்புச் செய்தால் செய்தித்தாளில் வரும், பதிவேட்டில் வராது. பார்வையாளராக உட்காருபவர் கூட்டத்தில் பேச இடமில்லை. வார்டு உறுப்பினர் வழியாகவோ முன்கூட்டியே எழுத்தாகவோதான் சொல்ல வேண்டும்.

ஒரு நிலத்துக்கு நான்கு கேள்விகள்

'என் பேரில் பட்டா இருக்கிறது, நான் என்ன வேண்டுமானாலும் கட்டலாம்' என்ற எண்ணத்தில்தான் கடற்கரையில் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. பட்டா முதல் கேள்விக்கு மட்டுமே பதில்: நிலம் யாருடையது.

இரண்டாவது, வருவாய்க் கணக்கில் அது என்ன வகை. நஞ்சை, புஞ்சை, கிராம நத்தம், புறம்போக்கு. புறம்போக்கிலும் ஊருணி, கண்மாய், ஓடை, பாதை, கடற்கரை என்று வகை உண்டு. இதற்கு ஊர் நிலங்களின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேட்டையும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும் பார்க்க வேண்டும். நகரப் பகுதியில் நகர நில அளவைப் பதிவேடு. ராமநாதபுரம் சீமையில் ஊருணியும் கண்மாயும்தான் குடிநீர், கால்நடை, விவசாயம் எல்லாவற்றுக்கும் ஆதாரம். வறண்டு கிடக்கும் ஊருணியை 'சும்மா கிடக்கும் இடம்' என்று பொருளில் எழுதி, கழிப்பிடத்துக்கோ குப்பைக் கிடங்குக்கோ கேட்டு வந்தால் வார்டு மக்கள் உடனே விழித்துக்கொள்ள வேண்டும். நீர்நிலைப் புறம்போக்கை வேறு பயனுக்கு மாற்ற நகர்மன்றத்துக்குத் தனியாக அதிகாரமில்லை. தீர்மானம் போட்டாலும் சட்டத்துக்கு முன் அது நிற்காது.

மூன்றாவது, திட்டத்தில் அந்த இடத்துக்கு என்ன பயன்பாடு குறித்திருக்கிறார்கள். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஓர் ஊருக்கு முழுமைத் திட்டம் தயாரிக்கலாம். அதில் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் என்று ஒவ்வொரு புல எண்ணும் ஒரு நிறத்தில் வரும். வரைவுத் திட்டம் அரசிதழில் வந்தால் ஆட்சேபணைக்குக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். பல ஆண்டுகளுக்கு ஊரின் கதியை அந்த இரண்டு மாதம் தீர்மானிக்கிறது. அதே இரண்டு மாதத்தில்தான் ஊர் மிகக் குறைவாகக் கவனிக்கிறது. பிறகு ஒரு நிலத்தின் நிறத்தை மாற்ற வேண்டுமானால் நில உபயோக மாற்றம் கேட்க வேண்டும்: நாளிதழில் அறிவிப்பு, நகர்மன்றத் தீர்மானம், நகர் ஊரமைப்பு அலுவலகத்தின் ஆய்வு, இறுதியில் அரசாணை. மன்றத் தீர்மானம் இதில் ஒரு படிதான். அது முடிந்த மறுநாளே 'அனுமதி கிடைத்துவிட்டது' என்று பலகை வைத்து மனை விற்பவர்களை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். முழுமைத் திட்டம் இல்லாத பகுதியில், விவசாய நிலத்தை மாற்றுவது மாவட்ட ஆட்சியர், வேளாண் துறை வழியாகப் போகும் வேறு பாதை.

நான்காவது கேள்வி கடற்கரைக்கு மட்டும் உரியது. கடலிலிருந்து எவ்வளவு தூரம்?

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991இல் வந்தது, பிறகு 2011இலும் 2019இலும் மாற்றி எழுதப்பட்டது. கடல் ஏற்றம் (ஓதம்) உச்சத்தில் தொடும் வரம்பான உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கம் 500 மீட்டர் வரை இதன் எல்லை. உயர் ஓதக் கோடு என்பது நாம் கண்ணால் பார்க்கும் அலை வரம்பு கிடையாது. அதிகாரம் பெற்ற நிறுவனம் அளந்து வரைபடத்தில் போட்டிருக்கும் கோடு அது. அலைக்கரையிலிருந்து டேப் பிடித்து அளந்துவிட்டு 'இருநூறு மீட்டர் தாண்டிவிட்டது' என்று சொல்வது செல்லாது.

மணல்மேடு, அலையாத்திக் காடு, பவளப்பாறை, ஆமை முட்டையிடும் கரை ஆகியவை இந்த மண்டலத்தின் முதல் வகை. அங்கே ஏறத்தாழ எதுவும் கட்ட முடியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொண்ட கடல் தேசியப் பூங்கா நம் கரைக்கு எதிரேதான் இருக்கிறது என்பதால், இந்த வகை இங்கே ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. ஏற்கெனவே கட்டடங்கள் நெருங்கிய நகரப் பகுதி இரண்டாம் வகை. அங்கே முன்பே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் கட்டலாம், கடல்பக்கமாகக் கூடாது. மற்ற ஊர்கள் மூன்றாம் வகை. 2011 அறிவிக்கைப்படி அங்கே முதல் 200 மீட்டர் வளர்ச்சித் தடைப் பகுதி. பாரம்பரியக் கடலோர மக்களின் குடியிருப்புக்கு 100 முதல் 200 மீட்டருக்குள் நிபந்தனைகளோடு இடமுண்டு. 2019 அறிவிக்கையோ மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் உள்ள ஊரில் இந்தத் தடையை 50 மீட்டராகக் குறைக்கிறது. ஆனால் அந்த அறிவிக்கையின்படி தயாரித்த வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகுதான் அந்தச் சலுகை நடைமுறைக்கு வரும். ஆகவே அலுவலகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'எந்த அறிவிக்கையின் வரைபடத்தை வைத்து இந்தப் பொருளை எழுதினீர்கள்?' இந்தக் கேள்வியை எழுத்தில் கேளுங்கள்.

இந்த வரைபடத்தில் மீனவர்களுக்குப் பெரிய பிடிமானம் ஒன்று இருக்கிறது. மீனவ ஊர்களும் அவர்களின் பொது இடங்களும், படகுத் துறை, ஐஸ் கம்பெனி, கருவாடு காயவைக்கும் களம் உட்பட, நில அளவை வரைபட அளவில் குறிக்கப்பட வேண்டும் என்று 2011 அறிவிக்கை சொல்கிறது. கரைவலை இழுக்க இரண்டு கயிற்று முனைகளுக்கும் இடையில் நீளமான திறந்த கரை வேண்டும். நாட்டுப்படகை ஏற்றி நிறுத்த மணல் வேண்டும். பாசி எடுக்கும் பெண்களுக்கு அதை உலர்த்த இடமும் கடலுக்கு இறங்கப் பாதையும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் பட்டா கிடையாது, தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் புறம்போக்குதான். வரைபடத்தில் ஏறாத பாதையை ஒரு விடுதிக்காரர் சுவர் வைத்து அடைத்தால், 'அங்கே பாதை இருந்தது' என்று நிரூபிக்கும் பாரம் ஊர்மேல் விழுகிறது. ஊர்க் கூட்டம் ஒன்று கூட்டி, தன் களங்களையும் பாதைகளையும் புல எண்ணோடு பட்டியலிட்டு, அது வரைபடத்தில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதைவிடப் பயனுள்ள வேலை கடற்கரை ஊருக்கு வேறு இல்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடற்கரை மண்டல அமைப்பில் பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்றும் அந்த அறிவிக்கை சொல்கிறது. அவர்கள் யார் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் இதே கணக்கில் வருகிறது. ராமேசுவரம் தீவின் மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது. ஆழமாகத் துளை போட்டு மோட்டார் வைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலேறும், பக்கத்து வீட்டுக் கிணறும் கெடும். உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் உள்ளூர் மக்கள் தங்கள் தேவைக்கு எடுப்பது தவிர நிலத்தடி நீர் எடுக்கத் தடை இருப்பதும், 200 முதல் 500 மீட்டர் வரை வேறு நீராதாரம் இல்லாத இடத்தில், சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைக்க மட்டும் இடம் தருவதும் இதனால்தான். வீடு என்று பிளான் வாங்கி முப்பது அறை விடுதி நடத்தும்போது கெடுவது தெருவின் வண்டி நெருக்கடி மட்டும் என்று நினைக்க வேண்டாம். செப்டிக் டேங்க் அடி பூசாமல் விட்டிருந்தால் மணல் வழியாகக் கழிவு கிணற்றுக்குப் போய்ச் சேர நாளாகாது. அனுமதிக்கு மாறாகப் பயன்படுத்தும் கட்டடத்தின் மேல் நடவடிக்கை எடுக்க நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகள் உள்ளன. மனுவில் பிரிவு எண்ணைக் குறிப்பிடுவது நல்லது.

மனைப்பிரிவு வரும்போது

10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல், மனை பிரித்தால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி, சாலைகளோடு சேர்த்து உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித்தர வேண்டும். நடைமுறையில் தவறுவது எங்கே என்றால், பத்திரம் ஆகிவிடும், நகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறாது. பத்து வருடம் கழித்து அந்தப் பூங்கா இடத்தில் வீடு நிற்கும். உங்கள் மனைப்பிரிவின் ஒப்புதல் வரைபடத்தில் பச்சையாகக் காட்டிய இடம் பதிவேட்டில் இருக்கிறதா என்று இன்றே பார்க்கலாம். அனுமதியற்ற மனைகளில் 20.10.2016 அன்றோ அதற்கு முன்போ பத்திரம் ஆனவற்றை வரன்முறைப்படுத்த 2017இல் விதி வந்தது. அதற்குப் பிறகு உருவான அனுமதியற்ற மனையை வாங்குவது பணத்தைக் கடலில் போடுவது.

தெரு

ஒரு தெருவைப் பற்றி மனு எழுதும் முன் அது யாருடைய கணக்கில் இருக்கிறது என்று பொறியாளர் பிரிவில் கேளுங்கள். தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலைத் துறைச் சாலை, நகராட்சித் தெரு மூன்றும் ஒரே ஊருக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும்.

மன்றப் பொருளில் தெரு வேலை வந்தால் மதிப்பீட்டில் நான்கு எண்கள் இருக்கும்: நீளம், அகலம், கனம், தொகை. அதோடு எந்த நிதி என்பதும். பெரும்பாலோர் தொகையைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அகலத்தைப் பாருங்கள். புலப்படத்தில் தெருவின் அகலம் 6 மீட்டர் இருக்க, மதிப்பீட்டில் 3.5 மீட்டர் என்று இருந்தால், மீதி இரண்டரை மீட்டர் எங்கே போனது என்று கேட்க வேண்டிய இடம் அதுதான். வடிகாலுக்கா, ஆக்கிரமிப்புக்கா? குறுகிய அகலத்துக்குச் சாலை போட்டுவிட்டால் விடுபட்ட ஓரம் ஆக்கிரமித்தவருக்கு நிலைத்துவிடும்.

அடுத்தது மட்டம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போனால் வீட்டு வாசல் பள்ளமாகி, ஐப்பசி மழைக்குத் தெருத் தண்ணீர் உள்ளே வரும். நம் கரை தட்டையானது. வடிகாலுக்கு இயற்கையான சரிவு மிகக் குறைவு. கடலில் விழும் வடிகால் வாய் ஓத மட்டத்துக்குக் கீழே இருந்தால் ஏற்றத்தின்போது கடல்நீர் எதிர்த்து ஏறும். ஆகவே மதிப்பீட்டில் வடிகாலின் தொடக்க மட்டமும் முடிவு மட்டமும் குறித்திருக்கிறார்களா, விழும் இடத்தின் மட்டம் ஓதத்துக்கு மேலே இருக்கிறதா என்று கேட்கலாம். பொறியாளர் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். பேவர் பிளாக் தெருவில் ஓரக்கல் உறுதியாக இல்லையென்றால் அடிமணல் கழுவிப்போய் ஒரே பருவத்தில் குழி விழும். இரும்பு மூடிகள் உப்புக் காற்றில் துருப்பிடித்துக் காலை வாங்கும், இங்கே கான்கிரீட் மூடி கேட்பது நியாயம்.

தெருவோரக் கடைகள் தனி விஷயம். ராமேசுவரம் ரத வீதிகளிலும் அக்னி தீர்த்தக் கரையிலும் சங்கு, பாசிமணி, கருவாடு விற்பவர்களை 'ஆக்கிரமிப்பு' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட முடியாது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்று தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றினாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆணையாளர் தலைமையிலான நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பின்போது ஊரில் இல்லாமல் போனவர் பெயர் விடுபட்டால் அடுத்த ஐந்து வருடம் சிரமம். திருவிழாக் காலத்தில் மட்டும் கடை போடுபவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

துணைவிதிகள்

குப்பை தரம்பிரிக்காதவருக்கு அபராதம், தெருவில் மாடு விட்டால் கட்டணம், விளம்பரப் பலகைக்கு அளவு போன்றவை, நகர்மன்றம் தன் ஊருக்குப் போடும் துணைவிதிகளாக வரும். வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்டு, அதைப் பரிசீலித்த பிறகே இறுதியாக்க வேண்டும். மேலே உள்ள சட்டத்துக்கு முரணாக எதுவும் போட முடியாது. 14 வகை ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 01.01.2019 முதல் மாநிலம் முழுவதும் இருக்கும் தடையை ஒரு நகர்மன்றம் திருவிழாவுக்காகத் தளர்த்த முடியாது.

தாளை எழுதுவது

அறிவிப்பின் தேதி அல்லது பொருள் எண், ஊர், வார்டு, புல எண் ஆகியவை முதல் இரண்டு வரிகளில் வர வேண்டும். அடுத்து, அந்த இடம் இப்போது எப்படிப் பயன்படுகிறது: எத்தனை படகு நிற்கிறது, எந்தப் பாதை எங்கே போகிறது, கிணறு எத்தனை மீட்டரில் இருக்கிறது. அதன்பின் எந்தச் சட்டம், எந்த விதி. கோபம், கட்சி, விண்ணப்பதாரரின் குணம் எதுவும் வேண்டாம். அவை வந்தால் அலுவலகக் குறிப்பில் உங்கள் மனு 'தனிப்பட்ட விரோதம்' என்று ஒதுக்கப்பட வழி கொடுத்துவிடுகிறீர்கள். புலப்பட நகல், தேதியோடு கூடிய படங்கள், கையெழுத்துப் பட்டியல் இணையுங்கள். நூறு பேரின் ஒரே மனுவைவிட, தங்கள் தங்கள் வீட்டுப் புல எண்ணைக் குறிப்பிட்டுப் பத்துப் பேர் தனித்தனியாகக் கொடுத்த மனுக்கள் கோப்பில் அதிக இடம் பிடிக்கும். தபால் பிரிவில் கொடுத்து தேதி முத்திரையிட்ட நகலை வாங்காமல் திரும்பாதீர்கள். ஒரு படி ஆணையாளருக்கு, ஒன்று நகர் ஊரமைப்பு மாவட்ட அலுவலகத்துக்கு, கடற்கரை என்றால் ஆட்சியருக்கும் ஒன்று.

ஊராட்சியில் இருப்பவர்களுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை. அங்கே நேரில் பேசலாம், தீர்மானமாக எழுதச் சொல்லலாம். நகரங்களில், வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபை இருக்கிறது. அது கூடும் தேதியை வார்டு உறுப்பினரிடம் கேட்டு வையுங்கள்.

கூட்டம் முடிந்ததும் தீர்மான நகலைக் கேளுங்கள். தராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கேட்கும்போது தீர்மானத்தோடு அலுவலகக் குறிப்பையும், வந்த ஆட்சேபணைகளின் பட்டியலையும், தெரு வேலை என்றால் செய்த வேலையின் அளவுகளைப் பதிந்திருக்கும் அளவுப் புத்தகத்தின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் மனு அந்தப் பட்டியலில் இல்லையென்றால், கையிலிருக்கும் முத்திரையிட்ட நகலை இணைத்து அன்றே ஆணையாளருக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் எழுதுங்கள். அரசாணை வரும்வரை கோப்பு திறந்தேதான் இருக்கும்.